மதுரைக்காரர்களுக்கு இது போதும் என்று முடிவுசெய்தவர் யார்?

நம் ஊரில் ஒரு ஜப்பானிய உணவகம் திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்தே அங்கே ஒரு முறை போய்ச் சாப்பிட வேண்டும் என்ற ஆவல் எனக்கு இருந்தது. வேலை நிமித்தமாக நாகோயாவில் சில காலம் தங்கியிருந்தவன் என்பதால் அந்த நாட்டுச் சாப்பாட்டின் மீது எனக்குத் தனிப் பற்று உண்டு. சென்னைக்குப் பக்கத்தில் ஓரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஜப்பானிய நிறுவனங்கள் இருப்பதால், அங்கே வேலை பார்க்கும் ஜப்பானியர்களுக்காகவே தரமாகச் சமைக்கும் கடைகள் சென்னையில் உள்ளன. மதுரையில் அப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள் இல்லை. ஆகவே பெரிதாக எதையும் எதிர்பார்க்காமல்தான், அக்காவையும் அத்தானையும் என் மகளையும் அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அங்கே சென்றேன். அந்தச் சிறிய எதிர்பார்ப்பும் நிறைவேறவில்லை. கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. யாருடைய பிழைப்பையும் கெடுப்பது என் எண்ணமல்ல.

கதவைத் திறந்ததும் பணியாளர்கள் எல்லோரும் ஒரே குரலில் ‘இரஷ்ஷைமாசே’ என்று உரக்க வரவேற்றார்கள். அந்தக் குரலில் ஒரு குறையும் இல்லை. காகித விளக்குகள், பிளாஸ்டிக் செர்ரிப் பூக்கள், மூங்கில் தட்டிகள் என்று அலங்காரத்துக்கும் நிறையச் செலவு செய்திருக்கிறார்கள். ஆனால் வரவேற்றவர்களில் ஒருவர்கூட எங்கள் மேசைக்கு வரவில்லை. கால் மணி நேரம் கழித்து, நானே எழுந்து போய்க் கேட்ட பிறகுதான் மெனு அட்டை வந்தது. அதில் சுஷிக்கும் ராமென் என்ற நூடுல்ஸ் சூப்புக்கும் நடுவில், ஜப்பானியச் சமையலைச் சேராத மோமோ, தாய் கறி, ஷெஸ்வான் ஃபிரைடு ரைஸ் எல்லாம் இருந்தன. ஜப்பானில் உட்கார்ந்தவுடன் கை துடைக்க ஈரத்துண்டும் குடிக்கத் தண்ணீரோ தேநீரோ கேட்காமலே வந்துவிடும். இங்கே தண்ணீர் கேட்டதற்கு “பாட்டிலா சார்?” என்றார்கள்.

என் அக்கா சைவம். மிசோ என்னும் புளிக்கவைத்த சோயா விழுதைக் கரைத்துச் செய்யும் சூப்பில் மீன் சேர்த்திருக்கிறதா என்று நான் குறிப்பாகக் கேட்டேன். பரிமாற வந்த தம்பி சிறிதும் யோசிக்காமல், “இல்ல சார், வெஜ்தான், தைரியமா சாப்பிடலாம்” என்றார். எனக்கு ஐயம் தீரவில்லை. ஜப்பானில் அந்தச் சூப்புக்கு அடிப்படையாக இருப்பது தாஷி என்னும் சாறு. கொம்பு என்ற கடற்பாசியையும், சூரை இனத்து மீனை வேகவைத்துப் புகையூட்டிக் கட்டையைப்போல உலர்த்திச் சீவிய கத்ஸுவோபுஷியையும் கொண்டு அதைத் தயாரிப்பார்கள். சமையலறையில் ஒரு முறை கேட்டு வரச் சொன்னேன். போன தம்பி திரும்பவில்லை. சூப்பு மட்டும் வந்தது. அக்கா கிண்ணத்தைத் தொடாமல் காத்திருக்க, நான் மேலாளரைக் கூப்பிட்டு, எந்தப் பொட்டலத்தைப் பிரித்துக் கரைத்தார்களோ அதையே கொண்டுவரச் சொன்னேன். வெந்நீரில் கரைக்கும் உடனடிப் பொட்டலம் அது. சேர்மானங்களின் வரிசையில் பொனிட்டோ மீன் தூள் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது.

அங்கே கிடைத்த எல்லாவற்றிலும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது இதுதான். ருசி கூடுவதும் குறைவதும் எந்தக் கடையிலும் நடக்கக்கூடியது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல், ஒருவருடைய நோன்பையும் ஒவ்வாமையையும் ஒரு பொருட்டாகவே மதிக்காமல் வாய்க்கு வந்ததைச் சொல்வது வேறு. அந்தத் தம்பியையும் நான் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு வரவேற்புக் கூவலைப் பயிற்றுவித்தவர்கள், தான் தூக்கிவரும் கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லித்தரவில்லை.

இத்தனைக்கும் சைவர்களுக்கு ஜப்பானியச் சமையலில் வழியே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பௌத்த மடங்களில் பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் ஷோஜின் சமையலில் மீனும் இறைச்சியும் கிடையாது. கொம்புப் பாசியையும் உலர்ந்த ஷிடாகே காளானையும் ஊறவைத்தே சாறு எடுக்கிறார்கள். 1908ஆம் ஆண்டில் டோக்கியோவில் கிகுனே இகேதா என்ற வேதியியல் பேராசிரியர், இந்தப் பாசிச் சாற்றில் நாவுக்குப் படும் அந்த நிறைவான சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டறிந்து அதற்கு உமாமி என்று பெயரிட்டார். ஆகவே சைவத் தாஷி ஒன்றும் ஒப்புக்குச் சப்பாணியல்ல. மீன் சேர்ப்பதானாலும் நமக்கு அது எட்டாத பொருளில்லை. தூத்துக்குடிப் பக்கத்தில் கிடைக்கும் மாசிக் கருவாடும் சூரை மீனை வேகவைத்து உலர்த்திச் செய்வதுதான். கத்ஸுவோபுஷிக்கு ஏறக்குறைய உடன்பிறப்பு. மனம் வைக்கும் சமையல்காரர் ஒருவர் மாசியைச் சீவிப்போட்டு, மதுரையில் இதுவரை யாரும் குடித்திராத ஒரு சூப்பை நமக்குக் கொடுத்திருக்கலாம். அதைக் குடிப்பதற்கு நான் முதல் ஆளாகப் போய் நின்றிருப்பேன்.

அடுத்து சுஷி. 8 துண்டுகளுக்கு 640 ரூபாய். சுஷியைச் சுஷியாக்குவது வினிகர் கலந்த சோறுதான். மீனே இல்லாமல் வெள்ளரிக்காயை மட்டும் வைத்து உருட்டினாலும் அது சுஷிதான். ஜப்பானியக் குட்டை அரிசியில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து குறைவாக இருப்பதால் வெந்த பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பொன்னியில் அமைலோஸ் கூடுதல் என்பதால் அது பிரிந்து நிற்கும். சோறு சூடாக இருக்கும்போதே அரிசி வினிகர், சர்க்கரை, உப்பு மூன்றையும் கரைத்து ஊற்றி, குழையாமல் புரட்டி, விசிறி, உடம்புச் சூட்டுக்கு வந்ததும் உருட்டுவார்கள். எங்கள் தட்டில் இருந்த சோறு குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அப்படியே வெட்டி எடுத்துவைத்தது. குளிரில் வைத்த சோறு விறைத்து, பருக்கையின் நடுவில் வெள்ளையாகக் கெட்டிப்பட்டுவிடும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததே. வினிகரின் வாசமே அதில் இல்லை. மேலே சிவப்பு நிற மயோனைஸைக் கோடு கோடாக இழுத்திருந்தார்கள். நோரிப் பாசித்தாள் ஈரம் உறிஞ்சி ரப்பராகியிருந்ததால், ஒரே கடியில் கடிக்க முடியாமல் என் மகள் இழுத்துக்கொண்டே இருந்தாள்.

சால்மன் எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு, “ஃபிரெஷ் சார், இன்னைக்குக் காலைலதான் வந்துச்சு” என்றார் மேலாளர். சால்மன் நம் கடலில் பிறக்கும் மீனல்ல. நம் பக்கத்தில் இந்தியன் சால்மன் என்று சொல்லி விற்கும் காலா மீன் முற்றிலும் வேறு இனம். உறைய வைத்து வந்தது என்று அவர் சொல்லியிருந்தால் நான் நிம்மதியடைந்திருப்பேன். ஏனென்றால் பச்சையாகச் சாப்பிடும் மீனில் இருக்கக்கூடிய ஒட்டுண்ணிப் புழுக்களைக் கொல்வதற்கு, மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள் உறைய வைக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே வழிகாட்டுகிறது. இங்கே ‘காலையில் வந்த’ மீனின் நடுவில் பனிக்கட்டி இன்னும் கரையாமல் இருந்தது. அவர் சொல்லை நம்ப முடியாததால் அதைத் தொடாமல் ஒதுக்கி வைத்தோம்.

தெம்புரா பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பனிபோல் குளிர்ந்த தண்ணீரில் மாவை அரைகுறையாகக் கலக்கி, பசைத்தன்மை ஏறுவதற்குள் பொரித்து, எண்ணெய்ச் சட்டியிலிருந்து நேரே மேசைக்குக் கொண்டுவர வேண்டிய பண்டம் அது. வந்ததோ ஆறிப்போன பஜ்ஜி. நம் தெருமுனையில் மாலை நேரத்தில் கிடைக்கும் வாழைக்காய் பஜ்ஜிக்கு அது இரண்டு மடங்கு தடிப்பிலும் இருபது மடங்கு விலையிலும் இருந்தது. ராமென் நாங்கள் மூவரும் சாப்பிட்டு முடித்த பிறகே அத்தானுக்கு வந்தது. சாற்றை முழுவதும் உறிஞ்சிய நூடுல்ஸ் கிண்ணத்தில் உப்பிக் கிடந்தது. அதன் தலையில் தக்காளி சாஸ். கிரீன் டீயைக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள். எழுபது, எண்பது டிகிரிச் சூட்டில் ஊற வேண்டிய இலை அப்படிக் கசந்துவிடும். அந்தக் கசப்பை மறைப்பதற்குத்தானோ என்னவோ, கூடவே சர்க்கரைப் பொட்டலமும் வைத்திருந்தார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. மெனு அட்டையின் மூலையில் மிசோ தடவிச் சுட்ட கத்திரிக்காய் என்று ஒரு பதார்த்தம் இருந்தது. அக்காவுக்குச் சாப்பிட எதுவுமில்லையே என்று, மிசோ விழுது டப்பாவை வரவழைத்து அதில் மீன் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, அதைக் கொண்டுவரச் சொன்னோம். பிஞ்சுக் கத்திரிக்காயை நீளவாக்கில் கீறி, எண்ணெய் தடவி வாட்டி, இனிப்பும் உவர்ப்பும் கலந்த விழுதைப் பூசி, விளிம்பு லேசாகக் கருகும்வரை சுட்டு, மேலே எள் தூவியிருந்தார்கள். நாகோயாவில் நான் சாப்பிட்டதற்கு அது குறைந்ததல்ல. அக்கா இன்னொரு தட்டு வாங்கிக்கொண்டார். அப்படியானால் அந்தச் சமையலறையில் கைப்பக்குவம் தெரிந்த ஒருவராவது இருக்கிறார்; அவரைத் தம் போக்கில் சமைக்க விடாமல் வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் எண்ணிக்கொண்டேன்.

பில் வந்தபோது மேலாளரிடம் இவற்றையெல்லாம் குரலை உயர்த்தாமல் எடுத்துச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, வருத்தப்படவும் இல்லை. “மதுரை ஜனங்களுக்கு இப்படித்தான் சார் பிடிக்கும். ஒரிஜினலாக் கொடுத்தா ஒருத்தரும் சாப்பிட மாட்டாங்க” என்றார்.

அவருடைய அந்தப் பதில்தான் என்னை எழுத உட்கார வைத்தது. ஊருக்கேற்பச் சமையலை மாற்றுவதில் எனக்கு மறுப்பே இல்லை. தெம்புராவே 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்கள் வழியாக ஜப்பானுக்குப் போனது. ராமென் சீனர்களிடமிருந்து வந்தது. அவர்கள் சோற்றில் ஊற்றிச் சாப்பிடும் கறி ஆங்கிலேயர்கள் மூலமாகப் போய்ச் சேர்ந்தது. வாங்கிய ஒவ்வொன்றையும் அவர்கள் தங்கள் நாக்குக்கு மாற்றிக்கொண்டார்கள். ஆனால் முன்னைவிடக் கவனமாகச் செய்தார்கள். மதுரையும் வெளியிலிருந்து வந்ததை ஒதுக்கிய ஊரல்ல. மைதா மாவில் செய்யும் பரோட்டாவை இந்த ஊர் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டது. நள்ளிரவில் பரோட்டாக் கடையில் உட்காருகிறவர் சால்னாவில் உப்பு ஒரு கல் குறைந்தாலும் மாஸ்டரைக் கூப்பிட்டுச் சொல்வார், மாஸ்டரும் கேட்டுக்கொள்வார். இலையில் குழம்பு வற்றுவதற்கு முன்னால் பக்கத்தில் வந்து நிற்கும் பரிமாறுகிறவர்களை நம்பி நடக்கும் மெஸ்கள் இந்த ஊரில் எத்தனையோ. அப்படிப்பட்ட நாக்கும் அப்படிப்பட்ட பழக்கமும் உள்ளவர்களுக்கு விறைத்த சோறும் ஆறிய பஜ்ஜியும் பிடிக்கும் என்று எந்த வாடிக்கையாளர் இவரிடம் வந்து சொன்னார்? சோற்றைச் சூடாக வடித்து வினிகர் கலப்பதற்கும், மதுரைக்காரர்களின் ருசிக்கும் என்ன பகை?

பில்லைப் பற்றியும் ஒரு தகவல். 10 சதவீதம் சேவைக் கட்டணம் என்று தாமாகவே சேர்த்திருந்தார்கள். ஜப்பானில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் கிடையாது. கொடுத்தால் பெரும்பாலும் திருப்பித் தந்துவிடுவார்கள். அது ஒருபுறம் இருக்கட்டும். உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. நீக்கச் சொன்னதும் முணுமுணுத்துக்கொண்டே நீக்கினார்கள். மறுப்பவர்களைப் பற்றி 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். சூப்புக்கான தொகையைக் கழிக்க மட்டும் மேலாளருக்கு மனம் வரவில்லை. “அது திறந்த ஐட்டம் சார்” என்றார். மீன் இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்ட பிறகு திறந்த ஐட்டம் அது. அதற்கு மேல் வாதாடாமல் கொடுத்துவிட்டு வந்தோம்.

எங்கே இருக்கிறது அந்தக் கடை என்று நண்பர்கள் கேட்டால் தனியாகச் சொல்கிறேன். போகிறவர்கள் கத்திரிக்காயை மட்டும் வாங்கிச் சாப்பிடுங்கள். சைவமாக இருந்தால் விழுது டப்பாவைக் கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு நீங்களே படியுங்கள்.