உகந்தைக்குப் போகும் பையில்

உகந்தை முருகன் கோயிலால் காட்டுக்குள் இறங்கிக் கதிர்காமம் நடக்கிற பெண்களுக்குத்தான் இது: வழியில் மலசலம் கழிக்கப் பையில் என்ன கொண்டுபோகலாம் என்று. முழங்கால் வருத்தக்காரியான எங்கட அம்மாவுக்குப் பெரிய உதவி, நடுவில் ஓட்டையுள்ள மடக்குக் கதிரை. தோண்டின குழிக்கு மேலே வைத்தால் குந்தத் தேவையில்லை. கழுவுவதற்குப் போத்தல் வாயில் மாட்டும் பீச்சு மூடி. அரை லீற்றரே போதும். ஆடி வெயிலில் குமணக் காட்டுப் பக்கம் தண்ணீரின் அருமை நடந்தவர்களுக்குத் தெரியும்! வெயிலில் தண்ணீர் சூடாக்கும் கறுப்புக் குளியல் பை 20 லீற்றர் நிறைத்தால் 20 கிலோ. அது பாசிக்குடாவுக்கு வாகனத்தில் போகிறவர்களுக்கே சரி.

குழி 15 முதல் 20 சென்ரிமீற்றர் ஆழம் வேணும், வில்லிலிருந்து (காட்டுக் குளத்திலிருந்து) 60 மீற்றராவது தள்ளி. ஈரத் துடைப்பான்களைத் தயவுசெய்து புதைக்காதீர்கள். பெரும்பாலானவற்றில் பிளாஸ்டிக் இழை இருக்கு, உக்காது. கட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள்.