புள்ள

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, காலைக்கூட்டத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒழுக்கத்துக்குப் பொறுப்பான சேர் என் அக்காவின் மூத்த பிள்ளையின் முன்முடியை ஒரு பிடி பிடித்துக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டார். பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதமாட்டேன், பிள்ளையின் பெயரையும் எழுதமாட்டேன். மட்டக்களப்பு சின்ன ஊர், பாலத்துக்கு இந்தப் பக்கம் தும்மினால் கல்லடியில் கேட்கும்.

வீட்டுக்கு வந்த பிள்ளை அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் போய்க் குந்திக்கொண்டது. மூன்று நாள் பேச்சில்லை. உதயதேவி ரயில் போகிற பாதையில் உள்ள ஸ்டேசன்களின் பெயர்களை மட்டும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தது. ஏறாவூர், வாழைச்சேனை, புனானை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி, திரும்ப ஏறாவூர்.

அம்மம்மா சொன்னா, "முடி வெட்டுற மெசின் சத்தத்துக்கே சத்தி எடுக்கிற புள்ளதானே, ரெண்டு நாளில சரியாயிரும்." பிழையில்லை. ஓட்டிசம், அதாவது மூளை உலகத்தை வேறு விதமாக உள்வாங்குவது, என்று ஐந்து வயதிலேயே சொல்லிவிட்டார்கள், அன்றிலிருந்து எது நடந்தாலும் எங்களிடம் ஒரு ரெடிமேட் பதில் இருந்தது. முடி வெட்ட மறுத்தால் ஓட்டிசம், சாரணர் சட்டையைப் போட மறுத்தால் ஓட்டிசம், பொடியன்கள் பக்கம் போகாமல் இருந்தால் அதுவும் ஓட்டிசம்.

நாலாம் நாள் நான் வட்ஸ்அப்பில் கேட்டேன், அதே அறையில் இருந்துகொண்டுதான். வாயால் வராதது அந்தப் பிள்ளைக்கு விரலால் வரும். பதில் இப்படி வந்தது: "மெசின் சத்தம் எனக்கு ஏலாது, அது ஒண்டு. முடி போனா கண்ணாடியில நான் இல்ல, அது மற்றது. ரெண்டும் ஒரே முடி சின்னம்மா."

மறுகா இன்னொன்று: "பள்ளிக்கூடத்தில நான் ரெண்டு வேசம் போடுறன். எல்லாரையும் போல கண்ணைப் பாத்துக் கதைக்கிற வேசம் ஒண்டு, பொடியன் வேசம் ஒண்டு. வீட்ட வந்தா ஒண்டும் மிச்சம் இல்ல."

அவளுக்குப் பதினைந்து வயது. ஆமாம், அவள். இனி அப்படித்தான் எழுதப்போகிறேன்.

தேடிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் இது எங்கள் வீட்டு அதிசயம் இல்லை என்று தெரிந்தது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2020இல் 6 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவைப் பார்த்தபோது, திருநர்களிடையே, அதாவது பிறந்தபோது குறித்த பாலினமும் தாங்கள் உணரும் பாலினமும் வேறாக இருப்பவர்களிடையே, ஓட்டிசம் மற்றவர்களைவிட 3 முதல் 6 மடங்கு வரை கூடுதலாக இருந்திருக்கிறது. எனக்கு அதைப் படித்ததும் ஆறுதல், அக்காவுக்குப் பயம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு 2022இல் நடைமுறைக்கு வந்த நோய்ப்பட்டியலில் திருநராக இருப்பது மனநோய்களின் பகுதியிலேயே இல்லை என்று சொன்னேன். "அப்ப ஏன் புள்ள இப்பிடி வாடிக் கிடக்கு?" என்று கேட்டா. நல்ல கேள்வி. அதற்குப் பதில் பிள்ளை அனுப்பிய மெசேஜில்தான் இருந்தது, இரண்டு வேசமும் சேர்ந்த களைப்பு. ஓட்டிசத்தை மறைத்து மறைத்து நடிப்பவர்களுக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கூடுதலாக வருகின்றன என்று ஆய்வுகளும் சொல்கின்றன, இவளுக்கு மறைக்க இரண்டு இருந்தன.

நாங்கள் எல்லா இடமும் போனோம், பொய் சொல்லவில்லை. முதலில் பார்வை பார்க்கிற ஐயா ஒருவர், நூல் கட்டினார், அந்த நூல் உறுத்துகிறது என்று அன்றிரவே வெட்டி எறிந்துவிட்டாள். பிறகு ஒரு வைத்தியர். அவர் ஒரு கேள்வித்தாளை நீட்டினார். எப்படி இருக்கிறாய் என்றால் அவள் எப்போதும் "சரி" என்றுதான் சொல்வாள், முகமும் அசையாது, ஏனென்றால் தனக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு அவளிடம் உடனே சொல் இருக்காது. தாளிலும் எல்லாம் "சரி". அவர் எங்களைப் பார்த்து, "ஓட்டிசப் பிள்ளைகளுக்கு இப்படி ஒன்றில் பிடிப்பு வரும், ரயில் மாதிரித்தான், போயிரும்" என்றார். ரயில் ஆசை ஏழு வயதில் வந்தது ஐயா, இன்னும் போகவில்லை. (இதை அவரிடம் சொல்லவில்லை, ஓட்டோவில் வரும்போதுதான் தோன்றியது, எனக்கு எப்போதும் அப்படித்தான்.)

அவசரப்பட்டு எதையாவது செய்யுங்கள் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. இலங்கையில் பதிவுகளில் பாலினத்தை மாற்றிக்கொள்ள 2016இலிருந்து பாலின அங்கீகாரச் சான்றிதழ் இருக்கிறது, அதற்கு மனநல வைத்தியரிடம் போக வேண்டும், அதெல்லாம் அதனதன் நேரத்தில். இப்போதைக்கு முடியை விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஒரு இரவு பதினொன்றரைக்கு, "நான் இல்லாட்டி அம்மாக்கு லேசு" என்று எழுதியிருந்தாள். கை நடுங்கியது. சுற்றி வளைத்துக் கேட்டால் அவளுக்குப் புரியாது, நேராகவே கேட்டேன்: சாக வேண்டும் என்று நினைக்கிறாயா? நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுவார்கள், அப்படி நடப்பதில்லை. "சில நேரம்" என்றாள். தேசிய மனநல நிறுவகத்தின் உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கு எடுத்தோம், நான்தான் பேசினேன், அவள் பக்கத்தில் இருந்து டைப் பண்ணப் பண்ண நான் வாசித்தேன். அக்கா அன்றிரவு அவளுடைய பாய்க்குப் பக்கத்தில் படுத்தா, அதற்குப் பிறகு தினமும் அங்கேதான்.

2018இல் அமெரிக்காவில் 129 திருநர் இளையோரிடம் செய்த ஓர் ஆய்வில், தாங்கள் தேர்ந்த பெயரால் அழைக்கப்படும் இடங்கள் கூடக் கூட மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் குறைந்திருந்தன. அக்காவுக்கு "மகள்" இன்னும் வாயில் வருவதில்லை, தொண்டையில் நிற்கிறது என்கிறா. என்ன கூப்பிடட்டும் என்று அவளிடமே கேட்கச் சொன்னேன். "வெளியில புள்ள எண்டு கூப்பிடுங்க, அது காணும்." எங்கள் ஊரில் புள்ள என்றால் ஆணும்தான் பெண்ணும்தான், யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. இவ்வளவு நாளும் அந்தச் சொல் எங்கள் வாயிலேயே கிடந்திருக்கிறது.

போன ஞாயிறு, வெட்டுப்பட்ட இடத்தைச் சமப்படுத்த அக்கா கிணற்றடியில் கதிரை போட்டா. மெசின் இல்லை, தையல் கத்தரிக்கோல். ஒவ்வொரு தரமும் வெட்டும் முன் "இப்ப வெட்டப்போறன்" என்று சொல்லிச் சொல்லி வெட்டினா. பாதியில் நிறுத்தி, "இவ்வளவு போதுமா புள்ள?" என்றா.

அவள் தண்ணீர் வாளிக்குள் குனிந்து பார்த்தாள். "காதுக்கிட்ட ஒள்ளம் விடுங்க."