சுங்குடியோடு ஃபிராங்பேர்ட்டுக்கு

ஜனவரியில் ஜெர்மனியின் ஃபிராங்பேர்ட் போகிறேன், ஹைம்டெக்ஸ்டில் என்ற வீட்டு உபயோகத் துணிக் கண்காட்சிக்கு. எங்கள் வீட்டிலிருந்து வியாபாரத்துக்காகக் கடல் தாண்டுகிற முதல் ஆள் நான்தான். பொங்கலுக்கு மதுரையில் இருக்க முடியாது என்பது மட்டும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பேப்பர்கள் ரெடி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஊர் திரும்பும் தேதிக்கு அப்புறமும் பாஸ்போர்ட் 3 மாதமாவது செல்ல வேண்டும்; நல்லவேளை, முன்கூட்டியே பார்த்துப் புதுப்பித்துவிட்டேன்.

அதிகம் யோசித்தது சாம்பிள்களைப் பற்றித்தான். துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிப் புள்ளி வரவைக்கிற சுங்குடியில் மெத்தை விரிப்பு, குஷன் உறை எல்லாவற்றையும் ஏடிஏ கார்னெட்டில், அதாவது சரக்கைத் தற்காலிகமாக வெளிநாடு கொண்டுபோக உதவும் சுங்க ஆவணத்தில், கொண்டுபோகிறோம். இந்தியாவில் அதைத் தருவது ஃபிக்கி என்ற வர்த்தகத் தொழில் கூட்டமைப்பு. கண்காட்சி முடிந்து திருப்பிக் கொண்டுவரும் சரக்குக்கு அங்கே சுங்க வரி கட்ட வேண்டாம். ஆனால் பட்டியலில் எழுதியது ஒன்றுகூடக் குறையாமல் திரும்ப வேண்டும். அதனால் மூன்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணி எழுதினோம்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அம்மா சொன்னார்: "முடிச்சு அவுக்காத துணி ஒண்ணு எடுத்துட்டுப் போப்பா. புள்ளி எப்படி விழுதுன்னு அவுங்களும் கண்ணால பாக்கட்டும்."

2005இல் புவிசார் குறியீடு வாங்கிய துணிக்கு இதைவிட நல்ல சாம்பிள் எனக்குத் தோன்றவில்லை. சரி என்று பட்டியலைத் திருத்தி, அந்தத் துணியை முதல் வரியில் எழுதிவிட்டேன்.