வகுப்பறையிலிருந்து ஆதரவுக் குழுவுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் 17 ஆண்டுகள் பாடம் நடத்திய நான், இத்தவணை முதல் படிப்பில் தடுமாறும் பிள்ளைகளுக்கு உதவும் எங்கள் பள்ளியின் ஆதரவுக் குழுவை ஒருங்கிணைக்கிறேன். கற்றலில் தடையுள்ள பிள்ளைகளையும் பொதுப் பள்ளிகளே அரவணைக்க வேண்டும் என்ற திசையை அரசின் கல்விக் கொள்கை ஆவணமான 2001ஆம் ஆண்டின் ஆறாம் வெள்ளை அறிக்கை காட்டியது. அதைச் செயல்படுத்த வந்த 2014ஆம் ஆண்டு அரசுக் கொள்கையோ, தடையைக் கண்டறிந்து பிள்ளைக்குத் தேவையான உதவியைக் குறிக்கும் முதல் படிவத்தை எழுதும் பொறுப்பை வகுப்பாசிரியரிடம் தந்து, அவருடைய முயற்சி போதாதபோது பள்ளிக் குழுவும் அதன்பின் மாவட்டக் குழுவும் கைகொடுக்க வழிவகுத்தது.

அந்த முதல் படிவத்தை ஒருமுறை நானே அவசரத்தில் எழுதினேன். 'கவனம் இல்லை' என்று நான் குறித்த சிறுவனுக்கு ஒரு காது சரியாகக் கேட்பதில்லை என்பதை, அவனுடைய ஆயா வந்து சொன்ன பிறகே அறிந்தேன். அது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. ஆகவே, எந்தப் படிவத்தையும் கையில் எடுக்கும் முன் வீட்டாரை அழைத்துப் பேசுகிறேன். நாளைக் காலை மூன்று குடும்பங்கள் வருகின்றன.