படலமும் அதன் சேர்க்கையும்

விடுமுறைக்குக் கொடைக்கானல் வந்தால் வானாய்வகம் வரை ஒரு நடை போய்வருவது என் வழக்கம். சூரியக் கரும்புள்ளியின் விளிம்பில் வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்பதை ஜான் எவர்ஷெட் 1909இல் அங்கிருந்துதான் கண்டறிந்தார். அவருக்குக் கிடைத்த சான்று, நிறமாலைக் கோடுகளில் தெரிந்த மிகச் சிறு நகர்வு. ஆய்வுக்கூடத்தில் நானும் அப்படிப்பட்ட நகர்வுகளையே அளந்துகொண்டிருக்கிறேன். என் பொருளின் தடிமன்தான் ஒரு நானோமீட்டரைக்கூட எட்டாது.

அந்தப் பொருள் மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற குறைக்கடத்தி. கட்டியாக இருக்கையில் அது ஒளிர்வதில்லை என்றே சொல்லலாம். டேப்பால் உரித்து உரித்து ஒற்றை அடுக்காக்கிவிட்டால், பச்சை லேசர் பட்டதும் சிவப்பாக ஒளிர்கிறது. இதை 2010இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின.

சேர்க்கை சரியில்லை என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அது இந்தப் படலத்துக்கு அப்படியே பொருந்தும். ஒளி பட்டு விடுபடும் எலெக்ட்ரானும், அது விட்டுச்சென்ற வெற்றிடமான துளையும் எக்சிட்டான் என்ற இணையாகப் பிணைந்திருக்கின்றன. அவற்றுக்கிடையிலான மின்புலத்தின் பெரும்பகுதி, படலம் இவ்வளவு மெல்லியதாக இருப்பதால், வெளியே கசிந்து அடுத்திருக்கும் பொருளின் வழியாகவே செல்கிறது. அந்தப் பொருள் புலத்தை மட்டுப்படுத்த மட்டுப்படுத்தப் பிணைப்பும் தளர்கிறது, எலெக்ட்ரானை விடுவிக்கத் தேவையான ஆற்றல் இடைவெளியும் சுருங்குகிறது. இரண்டு மாற்றங்களும் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுகட்டிவிடுவதால், ஒளிர்வின் உச்சம் சிறிதளவே நகர்கிறது. சிறிய நகர்வைக் கண்டு உள்ளே நடப்பதும் சிறியது என்று எண்ணினால் ஏமாந்துபோவோம்.

என் முதல் மாதிரியில் படலத்தின் ஒரு பாதிமேல் ஓரணுத் தடிமனுள்ள கார்பன் தாளான கிராஃபீனைப் படியவைத்திருந்தேன். லேசரை ஓட்டிப் பார்த்தபோது அந்தப் பாதி இருண்டிருந்தது. படலம் கிழிந்துவிட்டது என்று நெறியாளரிடம் சொல்லியும்விட்டேன். கிழியவில்லை, எக்சிட்டான் ஒளியாக மாறுவதற்குள் அதன் மின்னூட்டத்தையோ ஆற்றலையோ கிராஃபீன் வாங்கிக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் இருட்டுக்குள் இரண்டு ஒளிப்புள்ளிகள் மிஞ்சியிருந்தன. அவை ஈரம் சிக்கிக் கொப்புளம் கட்டிய இடங்கள். அங்கே இரண்டு அடுக்குகளும் தொட்டுக்கொள்ளவில்லை. (எங்கள் ஊர் ஆடிச் சாரலில் இந்த வேலையைச் செய்தால் படலம் முழுக்கக் கொப்புளமாகத்தான் இருக்கும்.)

மின்கடத்தாப் பொருளான போரான் நைட்ரைடின் சேர்க்கை வேறு விதம்: படலத்தை அதன் இரு தாள்களுக்கு நடுவே வைத்துக் குளிர்வித்தால், அகன்று கிடந்த ஒளிர்வு உச்சம் சில மில்லி எலெக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் மிகச் சிறிய அலகு) அகலத்துக்குக் குறுகிவிடுகிறது. திரும்பிப் போனதும் கிராஃபீனுக்கும் படலத்துக்கும் இடையே போரான் நைட்ரைடை ஓர் அடுக்கு, இரண்டு அடுக்கு என்று செருகி, எத்தனையாவது அடுக்கில் ஒளி மீள்கிறது என்று பார்க்க வேண்டும்.