மணிக்கு ஒரு சாய்வுப் பலகை

எங்கள் லாப்ரடார் நாய் மணிக்கு 11 வயது. இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டதால், முன்னங்கால்களை மட்டும் கார் டிக்கி விளிம்பில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பான், அந்தப் பார்வையைத் தாங்கவே முடியாது. 32 கிலோ, தூக்கினால் அவனுக்கும் வலிக்கிறது.

டிக்கி 2 அடி உயரம். முதலில் வைத்த 4 அடிப் பலகையின் சாய்வு 30 டிகிரி, பாதியிலேயே நின்றுவிட்டான். 6 அடி பிளைவுட் போட்டதும் 20 டிகிரிக்குள் வந்தது. வளையாமலிருக்க அடியில் இரண்டு ரீப்பர் (மரச்சட்டம்), மேல்முனை நழுவாமலிருக்க ஒரு குறுக்குக் கட்டை, நகம் பிடிக்கத் தேங்காய்நார் மிதியடி. ஆணித்தலை ஒன்றுகூடத் துருத்தக் கூடாது, கையால் தடவிப் பாருங்கள்.

அப்புறம் மூன்று நாள் பலகையைத் தரையில் போட்டு, வேகவைத்த கோழித்துண்டு காட்டி நடக்கவைத்தேன். நேற்று நான் கூப்பிடும் முன்பே ஏறி உட்கார்ந்திருந்தான்.