என் இ-புக்குக்கு நானே விலை வெச்ச அனுபவம்

பேப்பர் இல்ல, பிரிண்டிங் இல்ல, குடோன் இல்ல, அப்புறம் எதுக்கு இ-புக்குக்கு இவ்ளோ விலைன்னு கேக்கறவங்க நிறைய. என் புக்க இ-புக்கா போட்டதுல இருந்து எனக்கும் இதே கேள்விதான் வந்துட்டு இருக்கு, அதனால முழுசா எழுதிடறேன், புக் போடணும்னு யோசிக்கறவங்களுக்கும் உதவும்.

என் புக் கை எம்ப்ராய்டரி பத்தினது. ஒவ்வொரு தையலுக்கும் ஊசி எங்க இறங்குது எங்க ஏறுதுன்னு படிப்படியா போட்டோ இருக்கும், அதாவது எழுத்து கம்மி, படம் ஜாஸ்தி. இத முதல்ல ஒரு பதிப்பகம் அச்சுல கொண்டு வந்தாங்க, வித்துது, அப்புறம் ஸ்டாக் தீர்ந்து போச்சு, மறுபதிப்பு வரவே இல்ல. கேட்டா பாக்கலாம்னாங்க. அதனால உரிமைய திரும்ப வாங்கி நாமளே போட்டுடலாம்னு இறங்கினேன்.

இந்த உரிமை விஷயத்த கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா பாதி பேர் ஒப்பந்தத்த படிக்காமலே கையெழுத்து போடறாங்க. பழைய ஒப்பந்தங்கள்ல புக் அச்சுல இல்லாம போனா உரிமை எழுத்தாளருக்கு திரும்பிடும்னு ஒரு வரி இருக்கும். அச்சு மட்டும் இருந்த காலத்துல அது தெளிவா இருந்துது, கடையில இல்ல, குடோன்லயும் இல்லன்னா அச்சுல இல்லன்னு அர்த்தம். இப்ப ஒரு இ-புக் ஃபைல சர்வர்ல போட்டு வெச்சுட்டா, இல்லன்னா ஆர்டர் வந்தா ஒரு காப்பி அடிச்சு தர்ற பிரிண்ட் ஆன் டிமாண்ட்ல போட்டுட்டா, அந்த புக் என்னைக்குமே அச்சுல இல்லன்னு சொல்ல முடியாது, யாரும் வாங்கலன்னாலும் அவங்க கிட்டயேதான் கெடக்கும். அதனால ஒப்பந்தத்துல விற்பனை எண்ணிக்கைய வெச்சு வரி இருக்கணும், அடுத்தடுத்து ரெண்டு விற்பனை கணக்குல இத்தன காப்பிக்கு கீழ போனா உரிமை திரும்பும்னு. நல்ல வேளையா என்னோடதுல அது இருந்துது. இருந்தும் மெயில் மேல மெயில் போட்டுத்தான் கடிதம் கைக்கு வந்துது. வந்தப்புறமும் திரும்பினது எழுத்தும் என் போட்டோவும்தான், அட்டையும் பக்க வடிவமைப்பும் அவங்க காசு போட்டு செஞ்சது, அது அவங்களோடது. அட்டைக்கு புதுசா ஒரு டிசைனர், பிழை பாக்க ஒருத்தர், ஈபப்னு சொல்ற இ-புக் வடிவத்துல ஃபைல் கட்ட ஒருத்தர்னு செலவு ஆரம்பமாச்சு.

முதல் கேள்விக்கு பதில் இங்கயே இருக்கு. அச்சு புக்கோட விலையில பெரிய பங்கு கடைக்கும் விநியோகஸ்தருக்கும் குடுக்கற தள்ளுபடி, அது பல இடத்துல பாதி விலை வரைக்கும் போகும். பேப்பரும் அச்சும் விலையில ஒரு சின்ன பகுதிதான். இ-புக்ல அந்த சின்ன பகுதிதான் போகுது. எடிட்டிங், பிழை திருத்தம், அட்டை, போட்டோ, எழுதின உழைப்பு எல்லாம் அப்படியே நிக்குது. பேப்பர் இல்லாததால சும்மா தரலாமேன்னு சொல்றப்ப எனக்கு உண்மையாவே மனசு கஷ்டமா இருக்கும், ஒரு தையல் படத்துக்கு கையும் ஊசியும் நூலும் வெளிச்சமும் சரியா அமையற வரைக்கும் எடுத்த போட்டோவ எல்லாம் நெனச்சா.

சரி, விலைக்கு வருவோம். கேடிபின்றது நாமளே புக்க ஏத்தி விக்கறதுக்கான அமேசானோட தளம். அதுல புக்க ஏத்தும்போது ராயல்டி, அதாவது விலையில நமக்கு வர்ற பங்கு, ரெண்டு வகை, 35% இல்லன்னா 70%. அமெரிக்க விலையில 2.99 டாலர்ல இருந்து 9.99 டாலருக்குள்ள இருந்தாதான் 70%, அதுக்கு கீழயோ மேலயோ போனா 35%. பாக்கறதுக்கு 70% எடுக்கறதுதானே புத்திசாலித்தனம்னு தோணும். ஆனா 70%ல டெலிவரி கட்டணம்னு ஒண்ணு இருக்கு, ஃபைல் சைஸ்ல ஒரு எம்பிக்கு 15 சென்ட், அத விலையில கழிச்சிட்டுதான் 70% கணக்கு பண்ணுவாங்க. 35%ல அந்த கழிவு கெடையாது. நாவல் எழுதறவங்களுக்கு இது ஒரு பொருட்டே இல்ல, வெறும் எழுத்துன்றதால அவங்க ஃபைல் ரொம்ப சின்னதா இருக்கும்.

என்னோட ஃபைல் முதல்ல வந்தது 18 எம்பி. 4.99 டாலர் விலைன்னு வெச்சு கணக்கு போட்டேன். டெலிவரி மட்டும் 2.70 டாலர், மிச்சம் 2.29, அதுல 70% எடுத்தா 1.60. அதே 4.99க்கு 35% எடுத்தா 1.75 வருது. அதாவது 70%ஐ விட 35%ல காசு அதிகம்! இது எந்த விளம்பரத்துலயும் இருக்காது, நாமதான் பேப்பர் பேனா எடுத்து போட்டு பாக்கணும். அப்புறம் ஃபைல் கட்டினவரும் நானும் உக்காந்து ஒவ்வொரு படமா பாத்தோம். துணிக்கு பின்னாடி வெறும் மேஜை தெரியற பகுதிய எல்லாம் வெட்டினோம், முழு அளவு போட்டோவ ஸ்கிரீனுக்கு தேவையான அளவுக்கு கொறச்சோம், ஆனா நூல் முறுக்கு தெரியணும், பிரெஞ்சு முடிச்சுல நூல் ஊசிய எத்தன சுத்து சுத்திருக்குன்னு எண்ண முடியணும், அது மங்கினா அந்த படமே வேஸ்ட். சில படத்த கொறைக்கவே முடியல, விட்டுட்டோம். கடைசியில 2 எம்பிக்கு வந்துது. இப்ப டெலிவரி 30 சென்ட், மிச்சம் 4.69, அதுல 70% 3.28 டாலர். ஒரே புக், ஒரே விலை, 1.60 எங்க 3.28 எங்க.

இதுக்கு அப்புறம்தான் 9.99ன்ற கோடு எவ்ளோ பலமானதுன்னு புரிஞ்சுது. டெலிவரிய விட்டுட்டு பாத்தா 9.99க்கு கைக்கு வர்றது 6.99. ஒரு டாலர் ஏத்தி 10.99 வெச்சா 35%, கைக்கு 3.85. பழைய 6.99ஐ தொடணும்னா விலைய 20 டாலர் கிட்ட கொண்டு போகணும். அதனால தனியா புக் போடறவங்க 10ல இருந்து 19 வரைக்கும் விலை வெச்சா லாபம் இல்ல. யாரும் தடுக்கல, கணக்கே தடுத்துடுது.

அந்த 9.99 எங்கருந்து வந்துதுன்னு தேடி படிச்சேன், படிச்சா பெரிய கதை. 2007 நவம்பர்ல அமேசானோட இ-புக் ரீடர் கிண்டில் வந்தப்ப புது பெஸ்ட்செல்லர்கள அமேசான்ல 9.99 டாலருக்கு வித்தாங்க. பதிப்பகங்களுக்கு அவங்க குடுத்தது பல புக்குக்கு அதை விட ஜாஸ்தி, 12, 13 டாலர்னு, அதாவது நஷ்டத்துக்கு வித்தாங்க. அப்ப இருந்தது ஹோல்சேல் முறை, பதிப்பகம் கடைக்கு ஒரு விலைக்கு குடுத்துடும், கடை எவ்ளோக்கு விக்குதுன்றது கடையோட இஷ்டம். பதிப்பகங்களுக்கு அந்த நேரத்துல காசு நஷ்டம் இல்ல, ஆனா வாசகர் மனசுல இ-புக்னா 9.99தான்னு பதிஞ்சு போயிடுமேன்னு பயம். 2010ல ஆப்பிள் ஐபேட் வந்தப்ப ஏஜென்சி முறைக்கு மாறினாங்க, விலைய பதிப்பகமே வெக்கும், கடை 30% கமிஷன் எடுத்துக்கும். விலை 12.99, 14.99னு ஏறுச்சு. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா 12.99ல 70% 9.09 டாலர்தான், முன்னாடி ஹோல்சேல்ல வந்துட்டு இருந்தத விட கம்மி. கம்மியா வாங்கிக்கவும் தயாரா இருந்தாங்க, விலைய வெக்கற உரிமை கையில வந்தா போதும்னு. அப்புறம் 2012 ஏப்ரல்ல அமெரிக்க நீதித்துறை ஆப்பிள் மேலயும் அஞ்சு பெரிய பதிப்பகங்கள் மேலயும் கூட்டு சேந்து விலை ஏத்தினாங்கன்னு கேஸ் போட்டுது, பதிப்பகங்கள் சமரசம் ஆயிட்டாங்க, ஆப்பிள் மட்டும் நின்னு வாதாடி 2013ல தோத்துது, 2016ல உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்ட எடுக்க மறுத்ததும் 45 கோடி டாலர் செட்டில்மென்ட் உறுதியாச்சு. ஆனா பாருங்க, இப்பவும் பெரிய பதிப்பகங்களோட இ-புக் பல இடத்துல ஏஜென்சி விலைதான். புது ஒப்பந்தம் தனித்தனியா போட்டு அதே இடத்துக்கு வந்துட்டாங்க. பேப்பர்பேக்க விட இ-புக் விலை அதிகமா இருக்கற விசித்திரம் சில சமயம் நடக்குதே, அது இதனாலதான், அச்சு புக்க கடை இஷ்டத்துக்கு தள்ளுபடி பண்ணலாம், ஏஜென்சி இ-புக்க தொட முடியாது.

பிரான்ஸ்ல இத சட்டமாவே வெச்சிருக்காங்க. 1981ல இருந்து அச்சு புக்குக்கு பதிப்பகம் வெச்ச விலையில 5%க்கு மேல தள்ளுபடி கூடாது, 2011ல இ-புக்குக்கும் தனி சட்டம் வந்துது, பதிப்பகம் வெக்கற விலைதான் எல்லா கடையிலயும். சின்ன கடைகள் தாக்குப்பிடிக்க இது ஒரு காரணம்னு அங்க சொல்றாங்க, வாசகருக்கு விலை கூடுதுன்னு எதிர்க்கறவங்களும் உண்டு. என்னை கேட்டா நான் அந்த சட்டத்துக்கு ஆதரவுதான். தள்ளுபடி போட்டி வந்தா அதுல நிக்கறது பெரிய கடை மட்டும்தான், அது நின்னப்புறம் விலைய அதுதான் சொல்லும்.

சரி என் கதைக்கு வரேன். அடுத்த முடிவு, கேடிபி செலக்ட்னு அமேசானோட ஒரு திட்டம், அதுல சேரறதா வேண்டாமா. சேந்தா 90 நாளைக்கு இ-புக்க வேற எங்கயும் விக்க கூடாது, அச்சு மட்டும் விக்கலாம். பதிலுக்கு கிண்டில் அன்லிமிடெட்ன்ற சந்தா நூலகத்துல புக் வரும், சந்தா கட்டினவங்க படிக்கற பக்கத்துக்கு காசு. அது பக்கத்துக்கு அரை சென்ட்ட ஒட்டித்தான் பல வருஷமா இருந்துட்டு வருது. ராத்திரி முழுக்க உக்காந்து படிச்சு முடிக்கற நாவலுக்கு இது நல்லா ஒத்து வரும். என் புக்க யாரும் முதல் பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் படிக்க மாட்டாங்க, தேவையான தையல திறந்து வெச்சு அத பாத்து தைப்பாங்க, அதே பக்கத்துக்கு பத்து தடவை வருவாங்க. ஒரு பக்கத்துக்கு முதல் தடவை படிக்கறப்ப மட்டும்தான் காசு. சமையல் புக், கைவேலை புக், அகராதி மாதிரி எழுதறவங்க இத யோசிக்கணும். நான் சேரல, எல்லா கடையிலயும் வெச்சேன்.

எல்லா கடையிலயும்னா, ஆப்பிள் புக்ஸ்ல எந்த விலைக்கும் 70%, டெலிவரி கட்டணம் இல்ல. அதனால அங்க மட்டும் படங்கள பெருசாவே வெச்சிருக்கேன், டேப்லெட்ல பாக்கறவங்களுக்கு நல்லா இருக்கும். கோபோன்ற இ-புக் கடையில 2.99ல இருந்து 70%, மேல் வரம்பு கெடையாது. ஒவ்வொண்ணுலயும் தனித்தனியா கணக்கு வெச்சுக்க பொறுமை இல்லாதவங்களுக்கு டிராஃப்ட்2டிஜிட்டல் மாதிரி ஒருங்கிணைப்பு சேவை இருக்கு, அவங்க ஒரு பங்கு எடுத்துட்டு எல்லா கடைக்கும் அனுப்பிடுவாங்க.

இதுல ஒரு தலைவலி சொல்லியே ஆகணும். ஒரு வாரம் விலைய 2.99க்கு கொறச்சு ஒரு ஆஃபர் போட்டேன், முடிஞ்சதும் எல்லா இடத்துலயும் பழைய விலைக்கு மாத்தினேன். ஒரு கடையில மட்டும் மாறவே இல்ல, டாஷ்போர்டுல முழு விலை, கடைப் பக்கத்துல ஆஃபர் விலை. அங்க கம்மியா இருக்கறத பாத்து இன்னொரு கடை தானாவே விலைய அதுக்கு சமமா கொறச்சிடுச்சு. விலைய சமப்படுத்தற உரிமை கடைக்கு இருக்குன்னு விதிமுறையிலயே இருக்கும், அத தப்பு சொல்ல முடியாது. ஆனா முதல் கடையோட சப்போர்ட்டுக்கு எழுதி எழுதி, பதில்னு வந்தது எல்லாம் ரெடிமேட் மெயில். ஸ்கிரீன்ஷாட் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு அனுப்பினப்புறம்தான் ஒரு மனுஷர் பாத்து சரி பண்ணார். அதனால விலை ஏத்தறதா இருந்தா முதல்ல மெதுவா அப்டேட் ஆகற கடையில ஏத்துங்க, அது மாறினத கண்ணால பாத்தப்புறம் மத்தத தொடுங்க. கொறைக்கும்போது எந்த வரிசையும் பரவால்ல.

0.99 வெச்சா நிறைய விக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க. 0.99ல 35%னா 35 சென்ட். 4.99ல ஒரு காப்பிக்கு வர்றத இதுல எடுக்க 9, 10 காப்பி விக்கணும். தொடர் நாவலோட முதல் பாகத்துக்கு அது சரி, அடுத்த பாகத்துல பிடிக்கலாம். என்கிட்ட இருக்கறது ஒரே புக். அதுவும் இல்லாம கத்துக்க வாங்கற புக்க ஜனங்க விலைய பாத்தும் எடை போடறாங்க. ஆஃபர் வாரத்துல வாங்கினவங்க கிட்ட இருந்து ஒரு சந்தேகம் கூட வரல, முழு விலைக்கு வாங்கினவங்க தச்ச துணிய போட்டோ எடுத்து அனுப்பறாங்க, இந்த எடத்துல இழுத்து பிடிக்குதே ஏன்னு கேக்கறாங்க. எனக்கு அவங்கதான் வேணும்.

இன்னும் ரெண்டு மூணு விஷயம் வேகமா சொல்லிடறேன். அமெரிக்காவுக்கு வெளிய இருக்கறவங்க டேக்ஸ் இன்டர்வியூன்னு ஒண்ணு, அதாவது வரி விவரம் நிரப்பற ஃபாரம், முடிக்கணும், தனி நபர்னா டபிள்யூ-8பென் ஃபாரம். உங்க நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருந்து அத அதுல குறிப்பிடலன்னா அமெரிக்க விற்பனை ராயல்டியில 30% பிடிச்சிடுவாங்க, அதனால அந்த பக்கத்த நிதானமா படிச்சு நிரப்புங்க. கேடிபி இ-புக்குக்கு ஐஎஸ்பிஎன்ன்ற புக் அடையாள எண் கட்டாயம் இல்ல, அவங்களே ஒரு நம்பர் குடுத்துடுவாங்க. அச்சுப் பதிப்பும் போடறதா இருந்தா 70% வேணும்னா இ-புக் விலை அச்சு விலைய விட 20%ஆவது கம்மியா இருக்கணும், அதனால அச்சு விலைய முதல்ல முடிவு பண்ணிட்டு அப்புறம் இதுக்கு வாங்க. ஃபைல காப்பி எடுக்க விடாம தடுக்கற டிஆர்எம் பூட்டு போடணுமான்னு கேப்பாங்க, நான் போடல, காசு குடுத்து வாங்கினவங்க வேற கம்பெனி ரீடருக்கு மாறினாலும் அவங்க புக் அவங்க கிட்ட இருக்கணும்.

பணம் அந்தந்த மாசம் முடிஞ்சு ஏறக்குறைய 60 நாள் கழிச்சுதான் கணக்குக்கு வரும். அதனால டிசைனருக்கும் பிழை பாத்தவருக்கும் குடுக்க வேண்டியத முன்னாடியே தனியா எடுத்து வெச்சுட்டு ஆரம்பிங்க, விற்பனை வந்ததும் தரேன்னு அவங்கள காத்திருக்க வெக்காதீங்க. என் ஃபைல் சைஸ் கணக்கு போட்ட ஷீட்ட யாருக்காவது வேணும்னா கேளுங்க, உங்க எம்பியும் விலையும் போட்டா எந்த ராயல்டி லாபம்னு அதுவே சொல்லிடும்.